மூன்று நாள் சொல்லாத செய்தி

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குள்ளுமாக ஒரு வீடு இருந்தது. அதன் ஜன்னலில் நின்று பார்த்தால் தெருவில் போகிறவர்களின் பூட்ஸும் முழங்காலும்தான் தெரியும். அந்த வீட்டுக்கு ஓர் அமெரிக்கப் பையனும் ஒரு பெண்ணும் குடிவந்தார்கள். அறுபத்தொன்பதாம் வருடம், ஏப்ரல் மாதம். பனி உருகி நடைபாதையெல்லாம் சேறு. ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு கிட்டார், அட்டைப்பெட்டிக்குள் ஒரு பூனை. அவ்வளவுதான் சாமான்.

நாங்கள் மாண்ட்ரியாலுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் உலோக ஆராய்ச்சி. நான் சென்னையில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேளை மட்டும் எனக்கு வேலை. சோபா, டெலிவிஷன், டெலிபோன் என்று ஒவ்வொன்றாக நாங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டிருந்தோம். கீழே வந்தவர்களோ ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தவர்கள்.

முதல் வாரமே அந்தப் பையன் டெலிபோன் கேட்டு மேலே வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். தோள்வரை செம்பட்டை முடி, தாடி, கழுத்தில் மரமணி மாலை. ஆனால் மிதியடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். என்னை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘மேம்’ என்று அழைத்தான். பண்ணை வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்களாம்.

“போன் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ராணுவத்துல சேரச் சொல்லி ஆர்டர் வந்தது. நான் போகல. பஸ் ஏறி இங்க வந்துட்டேன். திரும்பி எங்க நாட்டுக்குள்ள கால் வச்சா ஜெயில். இதெல்லாம் தெரிஞ்சப்புறமும் உங்க போனைக் குடுப்பீங்கன்னா குடுங்க.”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் டெலிபோனைப் பார்த்தேன். “பண்ணுப்பா” என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்குப் போன் செய்வது வழக்கமானது. அவர்கள் ஒஹையோவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். அப்பா ஐரோப்பாவில் சண்டைக்குப் போய்க் காலில் குண்டுக் காயத்தோடு திரும்பியவர். மகன் ஓடிப்போனதை அவர் தாங்கவில்லை. அந்தப் பெயரை என் வீட்டில் எடுக்காதே என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவர் ஞாயிறு பகல் மாடுகளைப் பார்க்கப் போகிற நேரத்தில்தான் இந்தப் போன். பெரும்பாலும் வானிலையைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். அங்கே மழையா, இங்கே இன்னும் பனியா. கடைசியில் அவன் “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்பான். பதில் சின்னதாகத்தான் இருக்கும்போல. “சரிம்மா” என்று வைத்துவிடுவான்.

அந்தப் பெண் வேறு மாதிரி. பாஸ்டன் பக்கத்தில் வசதியான வீட்டில் பிறந்தவள். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு இவனோடு வந்துவிட்டாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் ‘கீழ் வீட்டுத் தம்பதி’ என்றே எழுதிவந்தேன். அவள் என்னை முதலில் பார்த்தபோது கையைக் கூப்பி, கண்ணை மூடி, குனிந்து வணங்கினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தியானம் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு பாக்கத் தெரியும்” என்றேன். அவள் நம்பவில்லை. நான் அடக்கத்தால் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் போர்வை ஒன்றைக் கடையில் வாங்கி ஜன்னலுக்குத் திரையாகக் கட்டியிருந்தாள். ஊதுபத்தி வாசனை மாடிப்படிவரை வரும். கீழே எப்போதும் நாலைந்து பேர் மெத்தை போட்டுப் படுத்திருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து புதிதாக வந்தவர்கள். உலகம் மாறப்போகிறது என்று அவர்கள் பேசிக்கொள்வது குழாய் வழியாக எங்கள் குளியலறையில் கேட்கும். எனக்கு அவர்கள்மேல் ஒரு பொறாமைகூட இருந்தது. அப்பா அம்மா சொல்லாமல் நான் ஒரு புடவைகூட எடுத்ததில்லை.

அந்த வருடம் டிசம்பரில் என் அப்பா சென்னையில் இறந்துபோனார்.

எனக்கு அது பத்தொன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணா தந்தி கொடுக்கவில்லை. ‘உனக்கு உடனே சொன்னால் தவித்துப்போவாய், கிளம்பி வருகிற தூரமும் இல்லை, ஆகவே காரியமெல்லாம் முடிந்தபிறகு எழுதுகிறேன்’ என்று நீல நிறக் காற்றஞ்சலில் நிதானமாக எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், கீழே தபால்பெட்டியிலிருந்து எடுத்து, படியில் நின்றபடியே பிரித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்தொன்பது நாளில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்று மனசு ஓட ஆரம்பித்தது. புது பூட்ஸ் வாங்கியிருந்தேன். ஒரு சினிமாவுக்குப் போய்ச் சிரித்திருந்தேன். அப்பாவுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன்.

அந்தப் பையன் தாடியெல்லாம் பனியோடு வெளியிலிருந்து வந்தான். என்ன என்று கேட்டான். சொன்னேன். பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தான். அவன் பூட்ஸிலிருந்து பனி உருகித் தண்ணீராக ஓடியது.

பிறகு, “உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மேம்” என்றான். “வர முடியுதோ இல்லையோ, அது வேற. சொல்லியிருக்கணும்.”

என் கணவர் உட்பட வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை. அண்ணா நல்லதுக்குத்தான் செய்தார் என்றே எல்லாரும் சொன்னார்கள்.

அடுத்த கோடையில் அவனுடைய அம்மா வந்தார். கணவரிடம் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார். கீழே படுக்க இடமில்லாததால் எங்கள் சோபாவில் நான்கு நாள். தடித்த கைகள், பூப்போட்ட கவுன், கம்பிபோல் நிமிர்ந்த முதுகு. மகனுக்கு அவன் விட்டுப்போன நல்ல ஷூவைத் துடைத்துத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவன் அப்போது செருப்பு தவிர வேறெதுவும் போடுவதில்லை.

இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரே பாஷை பேசுகிறவர்கள். ஆனாலும் இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள்.

“இவன் சரியா சாப்பிடறானா?”

“நான் நல்லாத்தான் சாப்பிடறேன்னு சொல்லுங்க மேம்.”

மூன்றாம் நாள் அந்த அம்மா என்னைச் சமையலறையில் தனியாகப் பிடித்தார். “ஒரே ஒரு போட்டோ வேணும். முடியைப் பின்னாடி கட்டிக்கிட்டு, ஒரு சட்டை போட்டுக்கிட்டு. அவங்க அப்பாகிட்ட காட்டறதுக்கு. நான் கேட்டா கோவிச்சுக்குவான். நீங்க கேளுங்க.”

கேட்டேன். ஒத்துக்கொண்டான். என் கணவரின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்றான். நான்தான் படம் எடுத்தேன். அதை அப்பா பார்த்தாரா என்று பிறகு கேட்டதற்கு, “பாத்தாரு. பாத்துட்டு எழுந்து கொட்டகைக்குப் போயிட்டாரு. கிழிக்கல” என்றார் அந்த அம்மா போனில். கிழிக்கல என்பதை இரண்டு தடவை சொன்னார்.

அந்த அக்டோபரில் எங்கள் தெருவிலேயே ராணுவ லாரி வந்து நின்றது. எங்கள் மாகாணமான க்யூபெக்கில் தனிநாடு கேட்டவர்கள் ஆள்கடத்தல், குண்டு என்று இறங்கியதில் ஒரே கலவரம், பட்டாளத்தை இறக்கிவிட்டார்கள். துப்பாக்கியோடு சிப்பாய்கள் மூலைக் கடை வாசலில் நின்றார்கள். போலீஸ் ஒருநாள் கீழ் வீட்டில் நுழைந்து மெத்தைகளையெல்லாம் புரட்டிப் போட்டது. மற்ற பையன்கள் பயந்து வேறு இடம் தேடிப் போனார்கள். இவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அவளுக்கு நாலு மாதம். “பட்டாளத்துக்குப் பயந்து ஓடி வந்தேன். பின்னாலேயே வந்துடுச்சு பாருங்க” என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவள் முகம் வெளுத்துப்போகும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றவில்லை. போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை அந்த அம்மா கூப்பிடுவதே இல்லை.

“அவர் போயிட்டாரும்மா. இன்னிக்கு விடியற்காலம். பால் கறந்துட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாரு.”

“இருங்க, நான் கீழ போய்க் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

“வேண்டாம்!” என்றார். அந்தக் குரல் அவருடையதுபோலவே இல்லை. “அவன்கிட்ட சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். தெரிஞ்சா அவன் வந்துடுவான். கோட்டு போட்ட ரெண்டு சர்க்கார் ஆளுங்க வசந்தகாலத்துலயே வந்து என்னை விசாரிச்சுட்டுப் போனாங்க. பக்கத்து ஊர்ல இவனை மாதிரியே ஓடிப்போன ஒரு பையன் பாட்டி செத்ததுக்கு வந்தான். சர்ச் கடைசி வரிசையில உக்காந்திருந்து பிடிச்சுட்டுப் போனாங்க. அஞ்சு வருஷம். என் புருஷன் போயிட்டாரு. பிள்ளையையும் நானே ஜெயிலுக்கு அனுப்பட்டுமா? அந்தப் பொண்ணு வேற வயித்துல வச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க.”

“என் அப்பா விஷயத்துல எனக்கும்…” என்று ஆரம்பித்தேன்.

“வாக்குக் குடுங்க.”

கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கணவன் இறந்து ஆறு மணி நேரமாகாத ஒருத்தியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலை கணவர் வந்ததும் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் சொல்லிடப் போறேங்க.”

“சொல்லி? அவன் கிளம்பிப் போயி, பிடிச்சுட்டாங்கன்னா? அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது? பெத்த அம்மாவே வேண்டாங்கறப்போ நாம யாரு?”

“எங்க அண்ணா எனக்குப் பண்ணினதையே நான் இவனுக்குப் பண்றேன்.”

“ரெண்டும் ஒண்ணா? நீ போயிருந்தா உன்னை ஜெயில்ல போட்டிருப்பாங்களா?”

அது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அண்ணாவைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டதுபோல இருந்தது.

புதன்கிழமை நான் அவனைச் சந்திக்காமல் இருக்கப் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். மத்தியானம் அவனே வந்துவிட்டான். கையில் ஒரு காகிதம்.

“மேம், அப்பாவுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். ஒண்ணரை வருஷத்துல முதல் தடவையா எழுதறேன். நீங்க படிச்சுப் பாத்து, அவரைக் கோபப்படுத்தற மாதிரி எதாவது இருந்தா சொல்லுங்க.”

படித்தேன். ஒரு பக்கம்தான். போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குழந்தை பிறக்கப்போகிறது என்றும், பழப்பெட்டிப் பலகைகளை வைத்துத் தொட்டில் செய்துகொண்டிருப்பதாகவும், மூலைகளில் ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தான். ‘எனக்கு நீங்கள் செய்த தொட்டிலில் ஆணியே கிடையாது என்று அம்மா சொல்வாள். மூலையை எப்படிப் பொருத்தினீர்கள்? சொன்னால் நன்றாக இருக்கும்.’ அவ்வளவுதான்.

எழுத்தெல்லாம் என் கண்ணில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “நல்லா இல்லையா?” என்றான்.

“ரொம்ப நல்லா இருக்கு.”

“கோபப்பட மாட்டாரே?”

“மாட்டாரு.”

“ஒரு ஸ்டாம்ப் இருக்குமா?”

மேஜை டிராயரிலிருந்து ஸ்டாம்ப் எடுத்துக் கொடுத்தேன். அவன் நாக்கால் ஈரமாக்கி ஒட்டினான். விசில் அடித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கீழே சத்தம் போகக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். எனக்கு என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று கேட்க வந்தாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. காபி போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அவள் குடித்துப் பார்த்துவிட்டு டம்ளரை வைத்தாள்.

“அவங்க அம்மாகிட்டேருந்து எதாவது சேதி வந்ததா?”

பொய் சொல்லத் திராணி இல்லை. இவளிடம் சொல்வதாவது நியாயம், இவள் அவனுக்கு வேண்டியபடி முடிவு செய்துகொள்ளட்டும் என்று மனசு சொல்லிற்று. உண்மையில் பாரத்தை இறக்கி இன்னொருத்தி தலையில் வைக்கத்தான் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இப்போது பஸ் ஏறினால் நாளைக் காலை போய்ச் சேர்ந்துவிடலாம்.

“சொல்லாதீங்க” என்றாள். “பிளீஸ். நானும் சொல்ல மாட்டேன். அவன் போனா திரும்பி வர மாட்டான். இந்த ஊர்ல எனக்கு யாருமே இல்ல.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தெரியும்னு அவனுக்கு எப்பவுமே தெரியக்கூடாது” என்றாள். இருபது வயதுப் பெண். அவளுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பதினொரு மணிக்கு அடக்கம் என்று தெரியும். கீழே அவன் பலகை இழைக்கும் சத்தம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குப் போன் வந்தது. நான் போய்க் கதவைத் தட்டி, “அம்மா பேசறாங்க” என்றேன். கையில் மரத்தூளோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். முதலில் “எப்போ?” என்றான். அப்புறம் “செவ்வாய்க்கிழமையா?” என்றான். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான். “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்கவில்லை. அம்மா சொல்லிவிட்டார்போலும். கடைசியில், “நீ சாப்பிட்டியாம்மா? யாராவது கூட இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தான்.

“நீங்க என் கடுதாசியைப் படிச்சீங்க” என்றான்.

“ஆமாம்.”

“கோபப்பட மாட்டாருன்னு சொன்னீங்க. ஸ்டாம்ப் எடுத்துக் குடுத்தீங்க.”

“உங்க அம்மா வாக்கு வாங்கிட்டாங்கப்பா. உன்னைப் பிடிச்சுடுவாங்கன்னு…”

“பிடிக்கட்டுமே. அதை நான்தானே முடிவு பண்ணணும்? இந்த ஊருக்கு வர்றதை நானேதான் முடிவு பண்ணினேன்.” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. “வேற யாரு பண்ணியிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும் மேம். நீங்க அந்தப் படியில உக்காந்திருந்தீங்க. நான் பாத்தேன்.”

அவனுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலில் அந்தப் பெண் வந்து நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவள் ஓடிவந்து, “என்ன ஆச்சு?” என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் அப்போதுதான் கேள்விப்படுகிறவளைப்போல வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை பொய்யில்லை. மற்றது பொய். அவள் அவனை அணைத்துக் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவன் எல்லைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப்போனான். அவள் தடுத்தும் கேட்கவில்லை. நான் நாள் பூராவும் ஜன்னலிலேயே நின்றேன். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டான். எல்லைக்கு முந்தின ஊரில் இறங்கி, ரோட்டோரமாக எல்லைச் சாவடியின் கொடிக்கம்பம் தெரிகிற தூரம்வரை நடந்தானாம். அங்கேயே நின்றுகொண்டிருந்துவிட்டு வந்தானாம். அடக்கம்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்குப் போவது என்று அவளிடம் சொன்னானாம்.

அதற்குப் பிறகு அவன் எங்கள் டெலிபோனைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூலை மருந்துக்கடையில் இருந்த போனில் போய்ப் பேசினான். அந்தக் குளிரில் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கடை வாசலில் காத்து நிற்பான். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, “மேம்” என்று தலையை அசைப்பான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் ஒருமுறை சாம்பார் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் பாத்திரத்தைக் கழுவி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்தப் பெண் மட்டும் அவன் இல்லாத சமயம் பார்த்து வருவாள். என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். “எனக்கும் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடட்டுமா?” என்று ஒருதடவை கேட்டாள். “வேண்டாம். இப்போ சொன்னா நீயும் இல்லாம போயிடுவே அவனுக்கு” என்றேன். அதை நான் நல்ல மனசோடு சொன்னேனா, எதையும் சொல்லாமல் விட்டே பழகிப்போனதால் சொன்னேனா, தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒரு பனிப்புயல் அடித்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கீழ் வீட்டு ஜன்னல் முழுக்க மூடிப்போய்விட்டது. தெருவில் கார்களின் கூரைகூடத் தெரியவில்லை. அன்று காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அவன் நின்றிருந்தான்.

“உங்க போன் வேணும் மேம். அவளுக்கு வலி எடுத்துடுச்சு.”

ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கணவரும் அவனும் எதிர்வீட்டுக்காரர்களிடம் குழந்தைகள் சறுக்கி விளையாடும் நீளப் பலகை ஒன்றை வாங்கிவந்தார்கள். அவளை என் எல்லாக் கம்பளியாலும் சுற்றி அதில் படுக்கவைத்துக் கட்டி, ஆஸ்பத்திரிவரை இழுத்துக்கொண்டு போனோம். பத்து நிமிட நடை, ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் கயிற்றை இழுக்க, நான் பின்னால் தள்ளினேன். காற்றில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அவன் மட்டும் திரும்பித் திரும்பி என்னிடம் ஏதோ கத்தினான். என்னவென்று எனக்குக் காதில் விழவில்லை. அவள் மூச்சு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பான். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அவன் குழந்தையைக் கொண்டுவந்து முதலில் என் கணவர் கையில் கொடுத்தான், பிறகு என் கையில். “தேங்க்யூ மேம்” என்றான். இனிப் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மறு ஞாயிறும் மருந்துக்கடைப் போனுக்கே போனான்.

அந்தக் கோடையில் அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். கிழக்கே நூறு மைலில் சிலர் சேர்ந்து வாங்கிய ஒரு பழைய பண்ணைக்கு. அங்கே எல்லாம் எல்லாருக்கும் பொது என்று சொல்லி ஆரம்பித்தார்களாம். இரண்டு வருடத்தில் ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து, கடைசியில் மாடு பார்க்கத் தெரிந்தவன் என்று இவன் ஒருவன்தான் மிஞ்சினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கையெழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை வரும். கீழே அவன் பெயரும் அவள் கையெழுத்திலேயே இருக்கும்.

நாங்களும் புறநகரான புரோசார்டில் வீடு வாங்கிப் போனோம். எனக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் ஆங்கிலம் என்று வளர்ந்தார்கள். அவன் போக மறுத்த சண்டை முடிந்தது. எழுபத்தேழில், ராணுவத்துக்குப் போகாமல் ஓடிவந்தவர்களுக்கெல்லாம் மன்னிப்பு என்று அமெரிக்காவில் அறிவித்தார்கள். டெலிவிஷனில் அதைப் பார்த்தபோது அவன் ஒஹையோவுக்குக் கிளம்பியிருப்பான் என்று நினைத்தேன். கிளம்பவில்லையாம். மாடுகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்டானாம்.

அந்தத் தகவலைச் சொன்னது அவனுடைய அம்மா. அந்த வருடம் ஆகஸ்டில் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. காபி குடித்தார். என் பிள்ளைகளிடம் வயது கேட்டார். பேத்தியின் போட்டோவைக் காட்டினார். செம்பட்டை முடி.

ஏழு வருடமாக என் மனசில் இருந்ததைக் கேட்டேன். “அன்னிக்கு அடக்கத்துக்கு அவங்க வந்தாங்களா? அந்தக் கோட்டு போட்டவங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“யாரும் வரல” என்றார். “சர்ச்சுல நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரிசையில எங்க பக்கத்துப் பண்ணைக்காரங்கதான் இருந்தாங்க. கல்லறையிலயும் பாத்தேன். வெளியில ரோட்டுலயும் பாத்தேன். ஒருத்தரும் வரல. என் புருஷனைப் புதைக்கறதைக்கூட நான் சரியாப் பாக்கல.”

டம்ளரை மறுபடி கையில் எடுத்து, “இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

“மாட்டேன்” என்றேன்.

என் கணவர் அவரைக் காரில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்த்து அட்டைகள் இன்னும் வருகின்றன. அவள் அவனிடம் சொன்னாளா என்று நான் கேட்டதில்லை. அவள் எழுதியதும் இல்லை. இப்போது இதை எழுதும்போதுகூட, அவன் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிடம் பயம் வந்தது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.